கொசுவிரட்டி பட்டுக் கெட்ட ஹெல்மெட், கண்ணாடி, ராக்கெட்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மாலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கை, கால், கழுத்து எங்கும் கொசு கிரீம் பூசிக்கொண்டு வருகிறார்கள். பூசிக்கொண்டுதான் வர வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்னும் அதிகம் கடிக்கும். வலைப் பயிற்சியும் ஸ்கேட்டிங் வகுப்பும் நடப்பது அதே நேரத்தில். சிக்கல் அடுத்த நிமிடத்தில் வருகிறது: கிரீம் பூசிய அதே கையால் ஹெல்மெட்டைத் தூக்கி மாட்டுகிறார்கள், கண்ணாடியைத் துடைக்கிறார்கள், ராக்கெட்டைப் பிடிக்கிறார்கள். சில வகை பிளாஸ்டிக் அதில் இளகும், சில மங்கும், சில வெடிப்பு விடும். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கிட் ரூமுக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

கிரீமை நிறுத்துங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பிள்ளையைக் கொசுவுக்குக் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டைக் காப்பாற்றி என்ன பயன்? இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறது. கீழே உங்கள் பொருளில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு கேட்பது கடைசியில் வரும். கெட்டது ஹெல்மெட் என்றால் மட்டும் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு மூன்றாம் அறிகுறிக்குப் போய்விடுங்கள். அங்கே விதியே வேறு.

## எந்த அறிகுறி என்றாலும் முதலில் பார்க்க வேண்டியவை

கிரீமின் லேபிள். "செயல்படும் பொருள்" என்ற வரியைத் தேடுங்கள். டீட் என்று இருந்தால் (முழுப்பெயர் டைஎத்தில் டொலுவமைடு என்று முடியும்) பிளாஸ்டிக்கைக் கெடுக்கக்கூடியது என்பதில் சந்தேகமே வேண்டாம். 1946-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான இந்த மருந்து கொசுவுக்கு எதிராக இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. பாலிகார்பனேட், ஏபிஎஸ், பிவிசி, அக்ரிலிக் ஆகிய பிளாஸ்டிக் வகைகள், தெர்மாகோல், பெயின்ட் இவற்றோடு மட்டும் அதற்கு ஒத்துவராது. நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் கிரீம்களில் அதிகம் இருப்பது டைஎத்தில் பென்சமைடு. டீட்டுக்கு நெருங்கிய உறவான பொருள் அது. அதையும் டீட்டைப் போலவே நினைத்துக் கையாளுங்கள். பிகாரிடின் அல்லது இகாரிடின் என்று போட்டிருந்தால் பிளாஸ்டிக்குக்குக் கவலை மிகவும் குறைவு. ஐஆர்3535 என்ற மருந்து சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும், சிலவற்றைத் தொடாது.

"இயற்கை" என்று எழுதிய எண்ணெய்களில் ஏமாந்துவிடாதீர்கள். நீலகிரித் தைலம் தெர்மாகோலைக் கரைக்கும். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து தெர்மாகோல் தட்டின் மீது தெளித்துப் பார்த்தாலே இந்த வகை எண்ணெய்கள் என்ன செய்யும் என்று கண்ணெதிரே தெரியும். தோலுக்கு இதமானது பிளாஸ்டிக்குக்கும் இதமாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

பொருளின் மேல் உள்ள எண். பிளாஸ்டிக் பொருட்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2, 4, 5 என்றால் நிம்மதி. கூம்புகள், தண்ணீர் பாட்டில்கள், குழந்தைகளின் பிளாஸ்டிக் மட்டைகள் பெரும்பாலும் இந்த வகைகளில் வரும். துடைத்து வைத்தால் போதும். 3 பிவிசி, 6 பாலிஸ்டைரீன் (தெர்மாகோலும் இதுதான்). இரண்டும் எளிதில் கெடும். 7 என்பது எல்லாவற்றையும் போட்டு வைத்த கூடை. பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் அதில்தான் அடங்கும், அதனால் கெடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில பொருட்களில் எண் இருக்காது. உள்பக்கம் கூர்முனை அடைப்புக்குள் பிசி, ஏபிஎஸ் என்று ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். டார்ச் அடித்துத் தேடினால் கிடைக்கும்.

லேபிளே இல்லை, கிழிந்துவிட்டது என்றால். வீட்டில் கிடக்கும் பழைய சிடி ஒன்றை எடுங்கள். சிடி பாலிகார்பனேட்டால் ஆனது. மின்னும் பக்கத்தில் ஒரு சொட்டு கிரீம் வைத்து இரவு முழுக்க விட்டு, காலையில் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். மங்கல் திட்டு மிச்சம் இருந்தால் அந்த கிரீமை ஹெல்மெட், கண்ணாடி பக்கமே கொண்டுபோகக் கூடாது. மங்காவிட்டால் அந்த கிரீம் எல்லா பிளாஸ்டிக்குக்கும் நல்லது என்று அர்த்தமாகாது. இழுவையில் இருக்கும் பிளாஸ்டிக், அதாவது திருகு முடுக்கிய இடம், வளைத்துப் பொருத்திய லென்ஸ், சும்மா கிடக்கும் பிளாஸ்டிக்கை விடச் சீக்கிரம் வெடிக்கும். புழக்கத்தில் இருக்கும் ஹெல்மெட்டில் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள்.

## அறிகுறி 1: பொருள் ஒட்டுகிறது, கைரேகை பதிந்திருக்கிறது

விசில், ஸ்டாப் வாட்ச், ஸ்கேட்டிங் முட்டிக் கவசம், ராக்கெட் உறை, கிட் பேக்கின் பிவிசி அடிப்பாகம் என எதில் வேண்டுமானாலும் வரலாம். ஒரு டிஷ்யூ தாளை அந்த இடத்தில் அழுத்தி எடுங்கள். நார் ஒட்டிக்கொண்டால் மேல்தோல் இளகியிருக்கிறது. அடுத்து, ஒட்டல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

### விரல் வடிவில், திட்டுத் திட்டாக இருந்தால்

இது கொசுவிரட்டி. உடனே கவனித்தால் பாதி தப்பிக்கும். சாதாரண சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு மென்மையான துணியால் துடையுங்கள். வெறும் தண்ணீர் போதாது. டீட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மண்ணெண்ணெய், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். இளகிய பிளாஸ்டிக்கை அவை இன்னும் வேகமாகத் தின்னும். கழுவியபின் நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் இளகிய இடம் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஓரிரு நாளில் ஒட்டல் குறையும். பதிந்த ரேகை போகாது, ஆனால் விசிலுக்கும் முட்டிக் கவசத்தின் மேல் மூடிக்கும் அதனால் நஷ்டமில்லை. கவசத்தை இரண்டு கையாலும் லேசாக வளைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் தூக்கிப் போடுங்கள். முட்டி தரையில் மோதும்போது அந்தக் கோட்டில்தான் உடையும். விசிலில் வாய் வைக்கும் இடம் இளகியிருந்தால் புது விசில் வாங்குவதே சரி.

இந்த ஒரு புகாரை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திய ஏற்பாடு எங்களிடம் ஒன்று உண்டு. மைதான வாசலில் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, துண்டு. கிரீமை வீட்டிலோ வாசலிலோ பூசிக்கொள்ள வேண்டும், கிட் அருகில் கூடாது. பூசி முடித்ததும் உள்ளங்கை இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் கிட்டைத் தொடலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களே பூசிவிட வேண்டும், பிள்ளையின் உள்ளங்கையில் பூசவே கூடாது. அந்தக் கை கண்ணுக்கும் வாய்க்கும் போகும். சன்ஸ்க்ரீன் போடுவதாக இருந்தால் அது முதலில், காய்ந்தபின் கொசுவிரட்டி. ஸ்ப்ரே வகை என்றால் காற்று கிட் பேக் பக்கம் வீசாத இடத்தில் நின்று அடிக்க வேண்டும்.

### பொருள் முழுக்க ஒரே சீராக ஒட்டினால்

கொசுவிரட்டியின் மேல் பழி போடாதீர்கள். ரப்பர் போல மெத்தென்ற பூச்சு உள்ள கைப்பிடிகள், பாலியூரிதேன் பூச்சுப் பைகள், பழைய ஷூவின் அடிப்பாகம் இவை ஈரக்காற்றில் வருடக்கணக்கில் இருந்தால் தாமாகவே பிசுபிசுக்கும், செதில் செதிலாக உரியும். அலமாரியில் தொடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். கழுவியோ பவுடர் போட்டோ நிரந்தரமாகச் சரிசெய்ய முடியாது. மாற்றுவதுதான் வழி.

### மேல்பக்கம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால்

இரண்டு இடத்தில் விசாரியுங்கள். நகராட்சிப் புகை மருந்து வண்டி வந்ததா? அந்தப் புகையில் மருந்தைச் சுமந்து வருவது பெரும்பாலும் டீசல். வெளியே கிடந்த கிட்டின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் விழும். அல்லது, கிட் ரூமில் கரப்பான் ஸ்ப்ரே அடித்தார்களா? அதிலும் எண்ணெய்க் கரைப்பான் உண்டு. சோப்புத் துணியால் அன்றே துடைத்துவிட்டால் சாமான்கள் தப்பும். ஹெல்மெட் மேல் நேராக ஸ்ப்ரே பட்டிருந்தால் மூன்றாம் அறிகுறியைப் பாருங்கள். புகை அடிக்கும் நாள் தெரிந்தால் கிட்டை பாலித்தீன் விரிப்பால் மூடி வைக்கலாம்.

## அறிகுறி 2: கண்ணாடி, லென்ஸ், முகமூடித் தகடு மங்கிவிட்டது

வெயில் கண்ணாடி, சைக்கிள் கண்ணாடி, நீச்சல் கண்ணாடி, ஸ்டாப் வாட்சின் முகப்பு எல்லாம் இதில் அடங்கும்.

பிள்ளைக்குக் கண் எரிகிறது என்றால் கண்ணாடியை மறந்துவிடுங்கள். சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் கண்ணைக் கழுவுங்கள். நெற்றியில் பூசிய கிரீம் வியர்வையோடு இறங்கியிருக்கும். எரிச்சல் நிற்காவிட்டாலோ பார்வை மங்கலாக இருந்தாலோ கண் மருத்துவரிடம் போங்கள். கண்ணாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

### சோப்புத் தண்ணீரில் கழுவியதும் தெளிந்துவிட்டது

அது வெறும் கிரீம் படலம். வேறொன்றும் செய்ய வேண்டாம். மண் துகளோடு உலர்ந்த துணியால் தேய்த்தால்தான் கீறல் விழும், அதனால் எப்போதும் தண்ணீரில் அலசிவிட்டுத் துடையுங்கள். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீல திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள். அம்மோனியா கலந்த வகை பாலிகார்பனேட்டுக்கும் அதன் மேல்பூச்சுக்கும் ஆகாது.

### கழுவியும் மங்கல் போகவில்லை

நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்து, பார்வைக்கு மட்டும் திட்டாகத் தெரிந்தால் கெட்டது மேல்பூச்சு. பனி படியாமல் காக்கும் பூச்சு, கீறல் தாங்கும் பூச்சு இவை லென்ஸுக்கு முன்பே போய்விடும். அதைத் திரும்ப ஏற்ற வீட்டில் வழியில்லை. பற்பசை போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டாப் வாட்சின் அக்ரிலிக் முகப்புக்கு அது ஓரளவு உதவும், பூச்சுள்ள லென்ஸை மொத்தமாகக் கெடுக்கும்.

பவர் கண்ணாடி என்றால் கடையில் கொடுத்துக் கேளுங்கள். சட்டம் நன்றாக இருந்தால் லென்ஸ் மட்டும் மாற்றித் தருவார்கள். சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். அசிடேட் சட்டம் கிரீம் பட்ட இடத்தில் வெளுத்து மங்கும், காதோரம் முதலில் தெரியும். நைலான் வகைச் சட்டங்கள் தாங்கும்.

### நூல் நூலாக வலைப்பின்னல் வெடிப்பு தெரிகிறது

இருட்டான அறையில் லென்ஸைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பில் டார்ச் அடியுங்கள். மூக்குப் பாலத்தின் அருகிலும் திருகுகளைச் சுற்றியும் வெள்ளி நூல் போலக் கோடுகள் மின்னினால் பிளாஸ்டிக்குக்குள்ளேயே வெடிப்பு ஓடியிருக்கிறது. பந்து வரும் விளையாட்டில் அதைப் போடக் கூடாது. உடைந்தால் சில்லு கண்ணுக்கு மிக அருகில் இருக்கும். தெருவில் நடக்கும்போது போட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வைத்திருந்தால் ஒருநாள் மைதானத்துக்கு வந்துவிடும், அதனால் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

நீச்சல் கண்ணாடியில் கண்ணைச் சுற்றிய சிலிக்கான் விளிம்புக்கு ஒன்றும் ஆகாது. லென்ஸ் மட்டும் மங்கும்.

## அறிகுறி 3: ஹெல்மெட்டில் எந்த மாற்றம் தெரிந்தாலும்

இங்கே "எளியதில் தொடங்கு" என்ற வரிசை செல்லாது. மற்ற பொருள் கெட்டால் விளையாட்டு நிற்கும், ஹெல்மெட் கெட்டால் மண்டை உடையும். அதனால் முதல் வேலை, அந்த ஹெல்மெட்டை வரிசையிலிருந்து எடுத்துத் தனியே வைத்து "போடாதே" என்று ஒரு சீட்டு ஒட்டுவது. பிறகுதான் சோதனை.

பெற்றோர் கேட்பது எனக்குப் பழக்கம்: "அண்ணா, வெளியே ஒண்ணுமே தெரியலையே, இந்த சீசன் மட்டும் போட்டுக்கட்டுமே?" புது ஹெல்மெட் விலை சின்ன விஷயமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கேடு என்பது நான் பயமுறுத்தச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1999 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் சைக்கிள் ஹெல்மெட் விதிப்படி, ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும்: அன்றாடம் புழங்கும் சில பொருட்கள் பட்டாலே ஹெல்மெட் கெடலாம், அந்தக் கேடு பயன்படுத்துபவரின் கண்ணில் படாமலும் போகலாம். இங்கே விற்கும் பல ஹெல்மெட்களோடு வரும் காகிதத்திலும் கரைப்பான், பெயின்ட், ஸ்டிக்கர் பசை பற்றி இதே எச்சரிக்கை உண்டு. அந்தக் காகிதத்தை எறிந்துவிடாமல் எடுத்துப் படியுங்கள்.

### வெளி ஓட்டில் மங்கலோ ரேகையோ

முதலில் ஓடு எதனால் ஆனது என்று பாருங்கள். சைக்கிள், ஸ்கேட்டிங் ஹெல்மெட்களில் பெரும்பாலும் மெல்லிய பாலிகார்பனேட் அல்லது ஏபிஎஸ். கிரிக்கெட் ஹெல்மெட்களில் ஏபிஎஸ் அதிகம், விலை கூடியவற்றில் ஃபைபர் கிளாஸ், கார்பன்.

- சோப்புத் தண்ணீரில் முழு மங்கலும் போய், மேற்பரப்பு பளபளப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது: கிரீம் மேலோடு நின்றிருக்கிறது. உள்பக்கத்தையும் பார்த்த பிறகே திரும்பப் போடலாம்.
- கழுவியபின்னும் நகம் பதிகிறது, டிஷ்யூ ஒட்டுகிறது, ரேகை அழியாமல் இருக்கிறது: ஓடு இளகியிருக்கிறது. ஓய்வு கொடுங்கள், நிரந்தரமாக.
- காற்றுத் துளைகளின் ஓரத்திலும், கிரில் மாட்டும் திருகுகளைச் சுற்றியும் மயிரிழைக் கோடுகள்: டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஒரே ஒரு கோடு போதும், அந்த ஹெல்மெட் முடிந்தது. திருகைத் தளர்த்தி வைப்பது, பசை ஊற்றுவது, டேப் சுற்றுவது எதுவும் வேண்டாம். பசையிலும் கரைப்பான் இருக்கிறது.

துணி மூடிய பழைய பாணி கிரிக்கெட் ஹெல்மெட்டில் ஓடு கண்ணில் படாது. துணியில் கிரீம் கறை பெரிதாக இருந்தால், உள்ளே ஓடு தெரியும் இடத்திலிருந்து பாருங்கள்.

### உள்ளே இருக்கும் தெர்மாகோல்

இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நெற்றியில் பூசிய கிரீமும் வியர்வையும் சேர்ந்து ஸ்பாஞ்சை நனைத்து அதன் பின்னால் இருக்கும் தெர்மாகோலைத் தொடும். அடிபடும்போது நசுங்கி மண்டையைக் காப்பது ஓடு இல்லை, இந்த வெள்ளை அல்லது கறுப்புத் தெர்மாகோல்தான். வெல்க்ரோவில் ஒட்டிய ஸ்பாஞ்சுகளை மெதுவாகப் பிரித்து எடுத்து, நெற்றிப் பக்கத்தையும் இரண்டு காதோரத்தையும் பாருங்கள்.

நல்ல தெர்மாகோல் சீராக, மணிமணியாக இருக்கும். மருந்து பட்டது மழை விழுந்த மணல் போலக் குழிகுழியாக இருக்கும், அல்லது மேல்பகுதி உருகிக் கண்ணாடிபோல் மினுங்கும். விரல் நுனியால் லேசாகத் தொட்டால் ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று இருக்கும், இல்லையென்றால் பொடி உதிரும். இதில் எது தெரிந்தாலும் சரிசெய்ய வழியில்லை. தெர்மாகோலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடையை நம்பாதீர்கள். ஓடும் உள்பகுதியும் சேர்த்துத்தான் சோதித்துத் தரச் சான்று கொடுக்கிறார்கள், ஒன்றை மாற்றினால் அந்தச் சான்றுக்குப் பொருளில்லை.

ஸ்பாஞ்சு மட்டும் நாறுகிறது, பிசுக்காக இருக்கிறது, தெர்மாகோல் நன்றாக இருக்கிறது என்றால் செலவு குறைவு. ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்து மாட்டலாம். அதே நிறுவனத்தின் மாற்று ஸ்பாஞ்சு தனியாகவும் கிடைக்கும். நெற்றியில் மருந்து பூசுவதைத் தலைமுடி ஓரத்துக்கு ஒரு விரற்கடை கீழேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணிப் பட்டை கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. பருத்திக்கு டீட் ஒன்றும் செய்யாது, துவைத்தால் போய்விடும்.

### பக்கிள் உடைந்தது, நாடா கிழிந்தது

பெரும்பாலும் கொசுவிரட்டி காரணமில்லை. பக்கிள் வழக்கமாக நைலான் அல்லது அது போன்ற கெட்டி பிளாஸ்டிக், டீட்டைத் தாங்கும். வெயிலில் வருடக்கணக்கில் கிடந்து நொறுங்கியிருக்கும். நாடாவும் பக்கிளும் அதே நிறுவனத்தின் உதிரியாகக் கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் ஹெல்மெட்டை மாற்றுங்கள். நாடாவில் முடிச்சுப் போட்டுச் சமாளிப்பது வேண்டாம்.

### யாரிடம் காட்டுவது

மேலே சொன்ன சோதனைகளில் எதிலும் பிடிபடவில்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால் தயாரித்த நிறுவனத்துக்கு ஹெல்மெட்டின் வரிசை எண், தயாரித்த மாதம், உள்ளும் புறமும் எடுத்த படங்கள், கிரீமின் லேபிள் படம் இவற்றை அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் "பயன்படுத்த வேண்டாம்" என்றே பதில் வரும். விளையாட்டுப் பொருள் கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், ஆனால் கையில் தட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது சோதனையாகாது. தரையில் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். கெடாததும் அதில் கெட்டுவிடும்.

புதிது வாங்கும்போது கிரிக்கெட் ஹெல்மெட்டில் பிஎஸ் 7928 என்ற பிரிட்டிஷ் தர எண்ணோடு 2013 இருக்கிறதா என்று பாருங்கள். சர்வதேசப் போட்டிகளில் ஹெல்மெட் போடுவோர் 2017 முதல் அந்தத் தரத்தில் உள்ளதைத்தான் போட வேண்டும். சைக்கிள், ஸ்கேட்டிங் ஹெல்மெட் என்றால் இஎன் 1078 பரவலாகப் புழங்கும் ஐரோப்பியத் தரம். பழையதைக் குப்பையில் போடும் முன் நாடாவை அறுத்துவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்கள்.

## அறிகுறி 4: ராக்கெட், மட்டை கிரிப் வழுக்குகிறது அல்லது பிசுபிசுக்கிறது

முதலில் கை. உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். வழுக்கல் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் மேலே சுற்றியிருக்கும் மெல்லிய கிரிப்பை உரித்து மாற்றுங்கள், செலவு மிகக் குறைவு. அது பாலியூரிதேன், மருந்து ஊறினால் மீளாது. உரித்தபின் உள்கிரிப்பும் பிசுபிசுத்தால் அதையும் எடுத்து, கைப்பிடியைச் சோப்புத் துணியால் துடைத்துக் காயவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். மட்டையின் ரப்பர் கிரிப் எண்ணெய் குடித்து உப்பித் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பேட்டிங்கின்போது கிரிப் சுழன்றால் அடி தவறும், மட்டை கையை விட்டே பறக்கவும் கூடும்.

கொசு அதிகமாக இருக்கும் மாதங்களில் துணிக் கிரிப் சுற்றிக்கொள்வதை நான் பரிந்துரைப்பேன். பருத்திக்குப் பயமில்லை, துவைக்கவும் முடியும்.

## அறிகுறி 5: ராக்கெட் பெயின்ட் உரிகிறது, எழுத்து அழிகிறது

பெயின்டும் அச்சிட்ட எழுத்தும் போவது பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்டதுதான். கார்பன் ஃப்ரேமின் இறுகிய பிசின் கொசுவிரட்டிக்கு அசையாது. ஆனால் பெயின்ட் போன இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். பிடித்து முறுக்கினால் சத்தம் வந்தாலோ, நகம் ஒரு கோட்டில் சிக்கினாலோ, அது எங்கோ மோதி விழுந்த வெடிப்பு. ஸ்ட்ரிங் கட்டும் கடையில் காட்டாமல் இழுத்துக் கட்டச் சொல்லாதீர்கள்; மெஷினில் ஏற்றும்போதே ஃப்ரேம் நசுங்கும். ஸ்ட்ரிங் நைலான் என்றால் கவலையில்லை, மேல்பூச்சு ஒட்டினால் அடுத்த முறை கட்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

## அறிகுறி 6: பந்து ஒட்டுகிறது, உடுப்பு தளர்கிறது

பிவிசி வாலிபால், ஃபுட்பால் ஒட்டத் தொடங்கினால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அவ்வளவுதான். தோல் உரிந்தால் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இழுபடும் துணி, அதாவது ஸ்பாண்டெக்ஸ் கலந்த கைக்கவசமும் டைட்ஸும், மருந்து பட்ட இடத்தில் தளர்ந்து தொங்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது அதைத் தவிருங்கள். பருத்தி, கம்பளி, நைலான் பயமில்லை.

## அறிகுறி 7: பைக்குள் பாட்டில் கசிந்து எல்லாம் ஊறிவிட்டது

வேகம்தான் முக்கியம். பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே பரப்புங்கள். இளகிய இரண்டு பிளாஸ்டிக்குகள் சேர்ந்து கிடந்தால் பிரிக்கும்போது இரண்டும் கிழியும். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், சோப்புத் தண்ணீரில் ஊற விட்டு மெதுவாகப் பிரியுங்கள்.

முதலில் ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் கழுவுங்கள், பிறகு வாட்ச், விசில், பிறகு மற்றவை. ஸ்டாப் வாட்ச், கைக்கடிகாரம் இவற்றைத் தண்ணீரில் முக்க வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். பொத்தான்கள் ஒட்டினால் அல்லது திரையில் மங்கல் உள்ளிருந்து தெரிந்தால் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். மூடியைத் திறக்க முயன்றால் தண்ணீர் தடுக்கும் வளையம் போய்விடும்.

நேராக மருந்து ஊற்றியது போல ஊறிய ஹெல்மெட்டுக்குச் சோதனை தேவையில்லை. அதைக் கழிக்க வேண்டியதுதான். ஸ்ப்ரே பாட்டிலாக இருந்தாலும் கிரீம் குழாயாக இருந்தாலும், ஜிப் வைத்த பாலித்தீன் பைக்குள் போட்டு, கிட் பேக்கின் வெளிப்பாக்கெட்டில் மூடி மேலே பார்க்க நிறுத்தி வையுங்கள். பாலித்தீன் டீட்டைத் தாங்கும். கசிந்தாலும் அந்தப் பைக்குள்ளேயே நிற்கும்.